செனட்டரை எதிர்த்துச் சொந்தக் கட்சிக்காரர்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பாஸ்டனுக்குப் பக்கத்தில் வால்தமில் இருக்கிறேன். 2020-ல் செனட்டர் எட் மார்க்கியை எதிர்த்து ஜோ கென்னடி, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் நின்றபோது எனக்கு ஓட்டு இல்லை, வேடிக்கைதான் பார்த்தேன். இப்போது குடியுரிமை வந்துவிட்டது. அதே மார்க்கியை எதிர்த்து அதே கட்சியின் செத் மோல்டன் கிளம்பியிருக்கிறார். நியூயார்க்கில் அக்கட்சியின் செனட்டர் சக் ஷூமரை எதிர்த்து 2028-ல் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கார்ட்டெஸ் நிற்பாரா என்று இப்போதே பேச்சு. எல்லோருக்கும் கண் வெள்ளை மாளிகை மேல்தான் என்கிறார்கள்.

வாழ்நாள் முழுக்க உழைத்த ஒரு பெரியவரைத் தள்ளிவிட்டு, அந்தப் பதவியைப் படியாக வைத்து அடுத்ததற்கு ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எதிர்க்கட்சியோடு மோத வேண்டிய நேரத்தில் கட்சிக்குள்ளேயே இந்தச் சண்டை எதற்கு? நான் எந்தக் கட்சியிலும் பதிவு செய்துகொள்ளவில்லை. எனக்கு இதில் ஓட்டு உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆர்., வால்தம்

அன்புள்ள ஆர்.,

பெரியவரை எதிர்த்து நிற்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. மாசசூசெட்ஸில் ஜனநாயகக் கட்சி செனட் தேர்தலில் தோற்பது அபூர்வம். 2010 இடைத்தேர்தலில் ஸ்காட் பிரவுன் ஜெயித்ததுபோல எப்போதாவது ஒருமுறை நடக்கும். மற்றபடி யார் செனட்டர் என்பது செப்டம்பர் பிரைமரியிலேயே முடிவாகிவிடுகிறது. அங்கேயும் யாரும் எதிர்த்து நிற்கக் கூடாது என்றால், ஓட்டுப் போடுகிறவருக்கு என்ன வேலை மிச்சம்?

இன்னொன்றையும் பாருங்கள். ஒரு மாநிலத்துக்கு இரண்டே செனட்டர்கள். உங்கள் மாநிலத்தில் ஒரு இடத்தை டெட் கென்னடி 1962-லிருந்து 2009-ல் இறக்கும் வரை வைத்திருந்தார். மற்றது 1985-லிருந்து ஜான் கெர்ரியிடம் இருந்தது. 1976-ல் பிரதிநிதிகள் சபைக்குப் போன மார்க்கி, 2013-ல் கெர்ரி வெளியுறவு அமைச்சரான பிறகுதான் செனட்டுக்குள் நுழைய முடிந்தது. ஆக, வரிசையில் நிற்கிறவர் ஒரு சாவுக்கோ ஒரு மந்திரி பதவிக்கோ காத்திருக்க வேண்டும். காத்திருக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதைப் பதவி வெறி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

மரியாதை பார்த்து ஒதுங்கி நிற்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. கலிஃபோர்னியாவின் டயான் ஃபைன்ஸ்டைன் 2018-ல் மறுபடி நின்றபோது வயது 85. மாநிலக் கட்சி அவரை விட்டுவிட்டு கெவின் டி லியோனை ஆதரித்தது. ஆனாலும் வாஷிங்டனில் பெரிய தலைகள் எல்லாம் ஃபைன்ஸ்டைன் பக்கம் நிற்க, அவர் ஜெயித்தார். 2023-ல் உடம்புக்கு முடியாமல் பல வாரம் செனட்டுக்கு வர முடியவில்லை. நீதித்துறைக் குழுவில் ஓட்டு குறைந்ததால் நீதிபதி நியமனங்கள் தேங்கி நின்றன. அந்தச் செப்டம்பரில் பதவியில் இருந்தபடியே, 90 வயதில், காலமானார். முப்பது வருடம் பெரிய பங்களிப்பு செய்தவர். அவரைக் கடைசியாக அந்த நிலையில் சக்கர நாற்காலியில் பார்த்தது எனக்கு வேதனையாக இருந்தது. அது மரியாதையாக எனக்குப் படவில்லை.

சரி, ஆசை இருக்கலாம். அப்புறம் என்ன கேட்க வேண்டும்? உட்கார்ந்திருப்பவரோடு இவருக்கு என்ன தகராறு என்று கேட்க வேண்டும். 1991-ல், கிளாரன்ஸ் தாமஸ் தனக்குப் பாலியல் தொல்லை கொடுத்தார் என்று அனிதா ஹில் சாட்சி சொன்ன பிறகும், தாமஸை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்ப ஓட்டுப் போட்டார் இல்லினாய் செனட்டர் ஆலன் டிக்ஸன். அந்த ஒரு ஓட்டுக்காக அவரை எதிர்த்து 1992 பிரைமரியில் நின்றார் கேரல் மோஸ்லி பிரான். ஜெயித்து, செனட்டில் உட்கார்ந்த முதல் கறுப்பினப் பெண் ஆனார். 2006-ல் கனெக்டிகட்டில் நெட் லமாண்ட், ஜோ லீபர்மேனை பிரைமரியில் தோற்கடித்ததற்கு, லீபர்மேன் ஆதரித்த இராக் போர் என்ற ஒரே காரணம் போதுமாக இருந்தது. லீபர்மேன் சுயேச்சையாக நின்று நவம்பரில் பதவியைக் காப்பாற்றிக்கொண்டார், அது வேறு. லமாண்ட் எதற்காக நின்றார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஜோ கென்னடியிடம் இல்லாமல் போனது அதுதான். 2018 ஜனவரியில் டிரம்ப் உரைக்குக் கட்சி சார்பில் பதில் சொல்ல அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபால் ரிவரில் ஒரு தொழிற்கல்விப் பள்ளியின் பட்டறையில், பானட் திறந்த ஒரு காரைப் பின்னால் வைத்துக்கொண்டு பேசினார். வருங்கால அதிபர் என்ற பேச்சு அப்போதே ஓடியது. அடுத்த வருடம் போட்டியை அறிவித்தபோது கருத்துக்கணிப்புகளிலும் அவர் கை ஓங்கியிருந்தது. ஆனால் மார்க்கி போட்ட எந்த ஓட்டு தப்பு, எந்த மசோதாவில் வழுக்கினார் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான விஷயங்களில் இருவருக்கும் ஒரே கருத்து. செனட்டர் மாநிலத்தில் இன்னும் அதிகம் தென்பட வேண்டும், புதிய தலைமுறை வர வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வந்தார்.

மார்க்கி அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டார். ஒகாசியோ-கார்ட்டெஸோடு சேர்ந்து 2019-ல் கொண்டுவந்த, பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்வதற்கான பசுமைப் புதிய ஒப்பந்தத் தீர்மானத்தை முன்னால் வைத்தார். ஒகாசியோ-கார்ட்டெஸே வந்து ஆதரித்தார். கல்லூரிப் பிள்ளைகள் 74 வயதுக்காரருக்காக இணையத்தில் இரவு பகலாக வேலை செய்தார்கள். 2020 ஆகஸ்டில் மார்க்கியின் பிரச்சார வீடியோ ஒன்று வந்தது. நாட்டுக்கு என்ன செய்ய முடியும் என்று நாங்கள் கேட்டோம், போய்ச் செய்தும் முடித்தோம், இனி நாடு உங்களுக்கு என்ன செய்யும் என்று கேட்கும் நேரம் இது என்று அதை முடித்தார். நாடு உங்களுக்கு என்ன செய்யும் என்று கேட்காதீர்கள், நாட்டுக்கு நீங்கள் என்ன செய்ய முடியும் என்று கேளுங்கள் என்று 1961-ல் அதிபராகப் பதவியேற்றபோது ஜான் கென்னடி சொன்னதை, கென்னடி குடும்பத்துப் பையனுக்கு எதிராகவே திருப்பினார். பால் வண்டி ஓட்டியவரின் மகன் அதைச் சொன்னபோது ஜனங்களுக்குப் புரிந்தது. முடிவு ஏறத்தாழ 55-க்கு 45. மாசசூசெட்ஸில் தேர்தலில் தோற்ற முதல் கென்னடி அவர்தான்.

ஒன்றை மட்டும் கென்னடிக்காகச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ், சாமர்வில் போன்ற படித்தவர்கள் ஊர்கள் மார்க்கியோடு போயின. ஃபால் ரிவர், நியூ பெட்ஃபர்ட் போன்ற பழைய மில் ஊர்கள் கென்னடிக்கு ஓட்டுப் போட்டன. அந்த ஊர்க்காரர்களின் குறை உண்மையானது. அதைத் தன் முழுப் பிரச்சாரமாக அவர் ஆக்கியிருந்தால், ஜெயித்திருப்பாரோ இல்லையோ, எதற்காக நின்றார் என்று இன்றைக்கு நாம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டோம்.

இனி அதிபர் கனவுக்கு வருகிறேன். செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை 1913-ல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை, சொந்தக் கட்சி செனட்டரை பிரைமரியில் வீழ்த்தி வந்த யாரும் அதிபரானதில்லை. 1948-ல் டென்னஸியில் டாம் ஸ்டூவர்ட்டைத் தோற்கடித்த எஸ்டஸ் கீஃபாவர், 1952-ல் நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் பதவியிலிருந்த அதிபர் ட்ரூமனையே முந்தினார். பிரைமரிகளில் பெரும்பாலானவற்றை ஜெயித்தார். ஆனாலும் மாநாட்டில் கட்சித் தலைவர்கள் அதிபர் வேட்பாளர் இடத்தை அட்லாய் ஸ்டீவன்சனுக்குத்தான் கொடுத்தார்கள். கட்சியின் பெரிய மனிதர்களைப் பகைத்துக்கொண்டு மேலே வந்தவருக்கு அவர்கள் கதவைத் திறக்கவில்லை.

டெக்சஸில் 1970-ல் நடந்தது இன்னும் எனக்கு ஆற்றாமை தருவது. 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட ஒரே தென்மாநில ஜனநாயகக் கட்சி செனட்டர் ரால்ஃப் யார்பரோ. அவரை லாய்டு பென்ட்சன் வலதுபக்கமிருந்து தாக்கி பிரைமரியில் வீழ்த்தினார். யார்பரோவோடு மோதலாம் என்று நினைத்திருந்த குடியரசுக் கட்சி வேட்பாளர் நவம்பரில் பென்ட்சனிடம் தோற்றார். அந்த வேட்பாளர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ். பென்ட்சன் 1976-ல் அதிபர் பதவிக்கு முயன்று சீக்கிரமே விலகினார். 1988-ல் துணை அதிபர் வேட்பாளராக நின்றபோது எதிரில் அதே புஷ். அதிபரானது புஷ்.

உங்கள் கேள்விக்கு நான் திரும்பத் திரும்ப நினைப்பது மிசௌரி, 1940. அந்த மாநிலத்து செனட்டர் ஹாரி ட்ரூமன், கன்சாஸ் சிட்டி கட்சித் தாதா டாம் பென்டர்காஸ்ட்டின் தயவில் வந்தவர். 1939-ல் பென்டர்காஸ்ட் வரி ஏய்ப்பில் ஜெயிலுக்குப் போனார். ட்ரூமன் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். கவர்னர் லாய்டு ஸ்டார்க் எதிர்த்து நின்றார். டெலிஷியஸ் ஆப்பிள் கன்றுகளால் பேர்பெற்ற நர்சரிக் குடும்பம், நல்ல வசதி. 1936-ல் அவரும் பென்டர்காஸ்ட்டிடம் போய் ஆதரவு வாங்கித்தான் கவர்னரானார். ஜெயித்த பிறகு திரும்பிக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. செனட் பிரைமரி நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூலையில் சிகாகோ மாநாட்டில் துணை அதிபர் பதவிக்கும் முயன்றார்.

ட்ரூமன் கையில் காசில்லை. அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனமும் ஸ்டார்க் பக்கம் சாய்ந்திருந்தது. விலகிக்கொண்டால் ஒரு அரசு ஆணையத்தில் நல்ல சம்பளத்தில் வேலை தருவதாகச் செய்தி வந்தது. ட்ரூமன் மறுத்துவிட்டார். பென்டர்காஸ்ட்டை உள்ளே தள்ளிய அரசு வழக்கறிஞர் மில்லிகனும் களத்தில் இறங்கியதால் எதிர் ஓட்டு இரண்டாகப் பிரிந்தது. ஆகஸ்டில் ஓட்டு எண்ணிய இரவு, தோற்றுவிட்டோம் என்றே ட்ரூமன் படுக்கப் போனார். விடிந்தபோது சுமார் எட்டாயிரம் ஓட்டில் முன்னால் இருந்தார். அந்த ஓட்டு செயின்ட் லூயிஸிலிருந்து வந்தது. கடைசி நேரத்தில் ஸ்டார்க்கை விட்டு ட்ரூமன் பக்கம் வந்த பாப் ஹானிகன் அங்கே வேலை செய்திருந்தார். 1944-ல் கட்சியின் தேசியத் தலைவராக இருந்ததும் ட்ரூமனைத் துணை அதிபர் வேட்பாளராக்கப் பாடுபட்டதும் இதே ஹானிகன்தான். 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்தார், ட்ரூமன் அதிபரானார். ஸ்டார்க்கின் பெயர் தேசிய அரசியலில் அதன்பின் எழவில்லை.

அந்த பிரைமரி இல்லையென்றால் ட்ரூமன் பென்டர்காஸ்ட்டின் ஆள் என்ற பேரோடுதான் இருந்திருப்பார். பென்டர்காஸ்ட்டின் செல்வாக்கு உடைந்த பிறகு, மாநிலம் முழுக்கக் காரில் அலைந்து, தானே ஜெயித்துக் காட்டினார். எதிர்த்து நின்றவரால் பலன் அடைந்தது எதிர்க்கப்பட்டவர். 2020-ல் மார்க்கிக்கும் ஓரளவு அதுதான் நடந்தது. கட்சிக்குள் சண்டை எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். சண்டை கட்சியைக் கெடுத்த ஊர்களும் உண்டு. இந்தியானாவில் 36 வருட செனட்டர் ரிச்சர்ட் லூகரை 2012-ல் வீழ்த்திய ரிச்சர்ட் மர்டாக், பாலியல் வன்முறையால் உண்டாகும் கர்ப்பம் பற்றிப் பேசிய பேச்சால் நவம்பரில் தோற்றார். குடியரசுக் கட்சி கையிலிருந்த இடம் கைமாறியது.

நியூயார்க் விஷயம். ஷூமரின் அந்த இடத்துக்கே ஒரு கதை உண்டு. 1980-ல் அதில் இருந்தவர் குடியரசுக் கட்சியின் ஜேக்கப் ஜாவிட்ஸ். வயது 76, நரம்பு நோய். லாங் ஐலண்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத அல் டமாட்டோ அவருடைய வயதையும் நோயையும் விளம்பரத்தில் போட்டு பிரைமரியில் தோற்கடித்தார். அந்த டமாட்டோவைத்தான் 1998-ல் ஷூமர் தோற்கடித்தார். ஒகாசியோ-கார்ட்டெஸுக்கு அந்த விளம்பரம் மாதிரி எதுவும் தேவையில்லை. அவர் கையில் நிஜமான தகராறு இருக்கிறது. 2025 மார்ச்சில் அரசு முடங்கக் கூடாது என்று குடியரசுக் கட்சியின் செலவு மசோதாவுக்கு ஷூமர் வழிவிட்டபோது, அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். ஆனால் 2028 அதிபர் தேர்தல் வருடமும்கூட. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஷூமரை எதிர்ப்பதென்றால் ஆறு வருடம் செனட்டராக இருப்பதற்காக எதிர்க்க வேண்டும். அப்படி நின்றால் அந்தப் போட்டியை நான் மனதார வரவேற்பேன்.

மோல்டன் 2019-ல் சில மாதம் அதிபர் வேட்பாளராக இருந்து விலகியவர். 2025 அக்டோபரில் இந்தப் போட்டியை அறிவித்தபோது மார்க்கியின் வயதைத்தான் முன்னால் வைத்தார். அது கேட்கக்கூடாத கேள்வி இல்லை. ஆனால் கென்னடியிடம் கேட்டதையே இவரிடமும் கேளுங்கள்: நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் எந்த ஓட்டை மாற்றிப் போட்டிருப்பீர்கள்? மார்க்கியிடமும் கேளுங்கள்: இன்னும் ஆறு வருடத்தில் முடிக்க வேண்டிய வேலை எது?

உங்கள் ஓட்டு பற்றி: மாசசூசெட்ஸில் கட்சி சேராதவராகப் பதிவு செய்திருப்பவர் எந்தக் கட்சியின் பிரைமரி வாக்குச்சீட்டையும் கேட்டு வாங்கி ஓட்டுப் போடலாம். அதற்காக நீங்கள் கட்சியில் சேர்ந்ததாக ஆகாது. இன்னும் வாக்காளராகப் பதிவு செய்யவில்லையென்றால், பிரைமரிக்குப் பத்து நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.