நகக்குறி நிற்கிற தோல்

வாசகர் கேள்வி – பதில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலமான 61 நாளும் எங்கள் மண்டபம் பக்கம் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். என்ஜினைப் பிரிப்பதும் வலை கட்டுவதுமாக இருப்பவர்கள், கையோடு கத்தியையும் எடுத்துக்கொண்டு உறை கேட்டு என் பட்டறைக்கு வருவார்கள். இந்த முறை கடிதங்களும் அதையொட்டியே வந்திருக்கின்றன. உறையைத் தாங்களே செய்து பார்க்கிறவர்கள் இத்தனை பேர் இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

கேள்வி: அண்ணே, வலை அறுக்கிற கத்திக்கு உறை செய்யலாம் என்று செருப்புத் தைக்கிறவரிடம் நல்ல கறுப்புத் தோலாக ஒரு துண்டு வாங்கினேன். யூடியூபில் காட்டியபடி தண்ணீரில் ஊறவைத்து, கத்தியின் மேல் அழுத்தி, கயிறு சுற்றி இரண்டு நாள் வைத்தேன். அவிழ்த்தால் பழந்துணி மாதிரித் தொங்குகிறது. எங்கே தப்பு செய்தேன்?
— வாசகர், பாம்பன்

பதில்: கைவேலையில் தப்பே இல்லை, தம்பி. தப்பு தோலில். நீங்கள் வாங்கியது குரோம் தோல். செருப்பின் மேல்பாகம், கைப்பை, சோபா உறை எல்லாம் பெரும்பாலும் அதுதான். குரோமிய உப்பில் பதப்படுத்துவதால் மிருதுவாக, தண்ணீருக்கு அசையாததாக இருக்கும். மடித்தாலும் அழுத்தினாலும் விட்டவுடன் பழைய நிலைக்கே திரும்பிவிடும். காலில் போடும் பொருளுக்கு அது நல்ல குணம். உறைக்கு அதே குணம்தான் கேடு.

அச்சுப் பிடிக்க மரப்பட்டையில் பதமிட்ட தோல் வேண்டும். கடைக்காரர்கள் 'வெஜ் டேன்' என்பார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே ஆவாரம்பூ, அந்தச் செடியின் பட்டைதான் நம் நாட்டுத் தோலுக்கு ஆதி மருந்து. கூடவே கடுக்காய். இன்று பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாறு வந்துவிட்டது. எதுவானாலும் வேலை ஒன்றே: பட்டையின் துவர்ப்பு தோலின் நார்களுக்கு இடையில் போய் நிறைந்து உட்காருகிறது. நனைத்தால் நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, நாம் அழுத்துகிற இடத்துக்கு நகரும். காய்ந்தால் நகர்ந்த இடத்திலேயே இறுகி நின்றுவிடும். வெட் மோல்டிங் என்பது இவ்வளவுதான்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வெட்டு விளிம்பைப் பாருங்கள். பட்டைத் தோல் உள்வரைக்கும் வெளிர்பழுப்பாக இருக்கும். குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் நீலச் சாம்பல் தெரியும். ஆனால் சாயம் உள்வரை இறங்கியிருந்தால் இந்தப் பார்வை ஏமாற்றும். அதனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பட்டைத் தோல் உடனே குடித்துக் கறுக்கும். அந்த ஈரத்தில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு அழுத்துங்கள். கோடு அப்படியே நின்றால் அந்தத் தோல் உங்கள் கத்தியின் வடிவத்தையும் பிடித்துக்கொள்ளும். எழும்பி மறைந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள்.

வீட்டில் செய்ய இன்னும் இரண்டு சோதனை. கொதிக்கும் தண்ணீரில் சின்னத் துண்டைப் போட்டால் பட்டைத் தோல் சுருண்டு கெட்டியாகிவிடும். குரோம் தோல் பெரிதாக மாறாது. இன்னொன்று நம் கரைக்கே உரியது, துருவுக்குத்தான் இங்கே பஞ்சமில்லையே: துருப்பிடித்த ஆணியை வினிகரில் இரண்டு நாள் போட்டு அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு வையுங்கள். பட்டைத் தோல் மை கொட்டியதுபோல் கறுத்துவிடும். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயில் மை காய்ச்சியதும் இதே வழியில்தான்.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், வெளியூர்க் கடை ஒன்றில் 'பட்டைத் தோல்தான்' என்று சொல்லி ஒரு முழுச் சைடை, அதாவது ஒரு மாட்டின் பாதித் தோலை, என் தலையில் கட்டினார்கள். பழுப்புச் சாயத்தைப் பார்த்து நானும் நம்பினேன். அதில் ஒன்பது உறை தைத்தேன். அச்சு சரியாக நிற்கவில்லை என்று என் கைக்குத் தெரிந்தது. இருந்தும் தையலை இறுக்கிக் கொடுத்துவிட்டேன். ஓர் உறை நடுக்கடலில் தொய்ந்து கத்தி நழுவி, என்னிடம் வாங்கிய அண்ணனின் தொடையில் இறங்கியது. பிழைத்தார், ஆனால் ஆறு வாரம் கடலுக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போய் நின்றபோது அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மற்ற எட்டு உறையையும் தேடிப்பிடித்துத் திரும்ப வாங்கினேன். அன்றிலிருந்து நகக்குறி பார்க்காமல் ஒரு சாண் தோல்கூட என் பட்டறைக்குள் வருவதில்லை.

கேள்வி: ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். உரிமம் பெற்ற ரிவால்வர் ஒன்று வைத்திருக்கிறேன். அதற்கு இடுப்பு உறை நானே செய்ய ஆசை. குதிரைச் சேணத்துக்கான கான்பூர்த் தோல் உறுதியானது என்கிறார்கள். வாங்கலாமா? கனம் எவ்வளவு இருக்க வேண்டும்?
— வாசகர், சாயல்குடி

பதில்: ஐயா, சேணத் தோல் உறுதிதான், பெல்ட்டுக்கு அதைவிட நல்லது கிடைக்காது. ஆனால் மழையும் வியர்வையும் தாங்குவதற்காக அதில் கொழுப்பும் மெழுகும் ஏற்றியிருப்பார்கள். அது தண்ணீரை உள்ளே விடாது. தண்ணீர் போகாத தோலில் அச்சு எங்கே பிடிப்பது? எண்ணெய் ஏற்றாத, சாயம் போடாத, வெறும் பட்டைத் தோலாகக் கேளுங்கள். சாயமும் மெழுகும் அச்சுப் பிடித்த பிறகு நாம் போட்டுக்கொள்வது.

கனம் 3.2 முதல் 3.6 மில்லிமீட்டர். வெளிநாட்டு வீடியோக்களில் எட்டு அவுன்ஸ், ஒன்பது அவுன்ஸ் என்பது இதைத்தான். ஓர் அவுன்ஸ் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். சிறிய ரிவால்வர் என்றால் 2.8 போதும். அதற்குக் கீழே போனால் உறையின் வாய் தளர்ந்து மடங்கும். நாலுக்கு மேல் போனால் சிலிண்டரின் வளைவில் விரலால் அழுத்தி வடிவம் எடுக்க முடியாது.

மாட்டின் எந்தப் பாகம் என்பது கனத்தைவிட முக்கியம். முதுகுத்தண்டுக்கு இருபுறமும், பின்பக்கமாக உள்ள தோலில் நார் நெருக்கமாக இருக்கும். உறைக்கு அதுதான் முதல் தரம். தோள்பட்டைத் தோலில் கழுத்துச் சுருக்கம் தெரியும், ஆனால் அச்சுக்கு நன்றாக வளைந்து கொடுக்கும், விலையும் குறைவு. வயிற்றுத் தோல் மலிவு என்று போகாதீர்கள். ஒரு பக்கம் இழுக்கும், ஒரு பக்கம் இழுக்காது. காய்ந்த பிறகும் கோணும். எருமைத் தோல் கனமாக இருந்தாலும் நார் தளர்ச்சி, மேற்பரப்பும் சொரசொரப்பு. கூரான விளிம்பு அதில் எடுபடாது.

துப்பாக்கியையே ஈரத்தோலுக்குள் வைக்க வேண்டாம். குண்டு இல்லையென்று நூறு முறை பார்த்திருந்தாலும் வேண்டாம். ஈரமும் துவர்ப்பும் சேர்ந்து ஒரே இரவில் இரும்பைக் கடித்துவிடும். அதை அட்டையில் வரைந்து அளவெடுத்து, ஆசாரியிடம் பூவரசு மரத்தில் ஓர் அச்சுச் செய்யச் சொல்லுங்கள். நம் பக்கம் வீட்டுக்கு வீடு பூவரசு நிற்கிறது, இழைப்புக்கும் நன்றாக வரும். குழலின் முனையில் குறிபார்க்க நிற்கும் முன்சைட்டிலிருந்து பின்பக்கமாக, உறையின் வாய் வரும் இடம்வரை அச்சின் மேலே ஒரு மெல்லிய குச்சியை ஒட்டிவிடுங்கள். அது விடுகிற தடத்தால் உருவும்போது சைட் தோலில் மாட்டாது. டிரிக்கரை உறை முழுதாக மூட வேண்டும். இதில் மட்டும் எந்த அழகுக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஐயா.

உறை முடிந்த பிறகும் அதிலேயே துப்பாக்கியை வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள். இடுப்பில் கட்டும்போது மட்டும்தான் உறை. பெல்ட்டில் தோட்டாவுக்கு வளையம் தைத்தால் பித்தளை பச்சை பூத்துவிடும். அதையும் கழற்றித் தனியே வையுங்கள்.

கேள்வி: பெருநாளைக்குக் கொடுத்த குர்பானி ஆட்டுத்தோலை வீட்டிலேயே உப்புப் போட்டுக் காயவைத்தால் கத்தி உறைக்கு ஆகாதா?
— வாசகர், கீழக்கரை

பதில்: ஆகாது, காக்கா. உப்புப் போடுவது தோல் அழுகாமல் தொழிற்சாலை போய்ச் சேர்வதற்கு மட்டும். பதமிடாத பச்சைத்தோல் காய்ந்தால் பலகை மாதிரி இருக்கும், ஈரக்காற்று பட்டதும் நெகிழ்ந்து நாறும். நம் கரையில் ஈரக்காற்று இல்லாத நாள் எது? பதமிட்ட ஆட்டுத்தோலும் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வரும். உள்பக்கம் ஒட்டும் லைனிங்குக்கு அருமையானது, தனியாக நிற்காது. தமிழ்நாட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்த 'ஈ.ஐ.' (ஈஸ்ட் இந்தியா) தோல் பட்டையில் பதமிட்டதுதான். அதில் மாட்டுத்தோல் வகை மெலிதாகக் கிடைத்தால் இரண்டு துண்டின் சதைப்பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஈரமாக்கி அச்சுப் பிடியுங்கள். நன்றாக வரும்.

கேள்வி: சங்கு குளிக்கப் போகிறேன். காலில் கட்டிக்கொள்ள ஒரு கத்தி உறை. தோலில் எது கடல் தண்ணீருக்குத் தாங்கும் மாமா?
— வாசகர், பெரியபட்டினம்

பதில்: எதுவும் தாங்காது, மாப்பிள்ளை. தோல் விற்கிறவனே தோல் வேண்டாம் என்கிறேன். எந்தத் தண்ணீரில் அச்சுப் பிடித்ததோ அதே தண்ணீரில் அச்சு அவிழ்ந்துவிடும். தினம் ஊறினால் உறை பிளாஸ்டிக் கவர் மாதிரித் தளர்ந்து, உள்ளே உப்புத் தங்கி, ஸ்டெயின்லெஸ் கத்தியைக்கூடப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். பி.வி.சி. குழாயில் ஒரு முழம் வெட்டி, கொதிநீரில் முக்கி எடுத்தால் இளகும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, மரப்பலகை இரண்டுக்கு நடுவே கத்தியோடு சேர்த்து அழுத்தி ஆறவிடுங்கள். நெருப்பில் நேராகக் காட்டாதீர்கள், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. அடியில் தண்ணீர் வடிய ஓர் ஓட்டை.

கேள்வி: நல்ல பட்டைத் தோல் வாங்கித்தான் செய்தேன். ஆனாலும் உறை முழுக்கக் கரும்புள்ளி. ஐப்பசியில் வேறு வெள்ளையாகப் பூசணம் பூத்துவிட்டது. என்ன செய்வது அண்ணே? ஒரு கத்தி உறைக்குத் தோல் எவ்வளவு வாங்க வேண்டும்?
— வாசகி, தேவிபட்டினம்

பதில்: தங்கச்சி, கிணற்றுத் தண்ணீரிலோ போர் தண்ணீரிலோ ஊறவைத்தீர்களா? கரும்புள்ளி இரும்பால் வருவது. தண்ணீரில் இரும்பு இருந்தாலும் வரும், துருப்பிடித்த வாளி, ஊசி, ஆணி பட்டாலும் வரும். உப்புத்தண்ணீர் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு: காய்ந்த தோலில் உப்புத் தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள், அல்லது காவிரிக் குழாய்த் தண்ணீர். பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் போதும், சூடு கூடாது.

தோலை முக்கினால் குமிழி வரும். குமிழி அடங்கியதும் எடுத்துவிடுங்கள். ஈரத்துணியில் சுற்றி இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் ஈரம் உள்ளே சமமாகப் பரவும். மேலே பழைய நிறம் திரும்பத் தொடங்கும்போது தோலைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்து, ஆனால் தண்ணீர் ஒட்டாமல் இருந்தால் அதுதான் பதம். சொட்டச் சொட்ட இருக்கும்போது அழுத்தினால் வடிவம் நிற்காது. விரலாலும் கரண்டியின் பின்பக்கத்தாலும் தேயுங்கள். நகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் குறியும் நின்றுவிடும்.

பிறகு நிழலில், காற்றோட்டத்தில் ஒரு நாள். அடைமழைக் காலத்தில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள்கூட ஆகும், அவசரப்படாதீர்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைமேல் வைத்தவர்களின் உறை அப்பளம் மாதிரி நொறுங்கி என்னிடம் வந்திருக்கிறது. நன்றாகக் காய்ந்த பின்னரே தேன்மெழுகை இளக்கித் தேயுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம். சிக்குப் பிடிக்கும், வாடை வரும், அதிகமானால் பிடித்த அச்சும் தளரும். பூத்துவிட்ட பூசணத்தை உலர்ந்த துணியால் வெளியில் வைத்துத் துடைத்து, ஒரு நாள் காற்றாடவிட்டு மெழுகு போடுங்கள். உறை போய்விடவில்லை.

தையலுக்கு வலை கட்டும் நைலான் நூலையே மெழுகில் இழுத்துக்கொள்ளலாம், பருத்தி நூல் இந்தக் காற்றில் இற்றுவிடும். இரும்பு ரிவிட் அடிக்காதீர்கள், அதைச் சுற்றியும் கறுக்கும்.

தோல் எவ்வளவு வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஆறங்குல அலகுள்ள கத்திக்கு ஒரு சதுர அடி தாராளம். சென்னை பெரியமேட்டுக் கடைகளில் வெட்டுத் துண்டாகக் கேட்டால் முழுச் சைடு வாங்க வேண்டியதில்லை. துண்டைத் திருப்பிச் சதைப்பக்கத்தையும் பாருங்கள். பஞ்சு பஞ்சாக நூல் பிரிந்தால் அது வயிற்று ஓரம்; வேறு துண்டு எடுத்துத் தரச் சொல்லுங்கள்.