புரொஃபைல் போட்டும் நிறம் வரவில்லையே! வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். திரையில் ஒன்று, பிரிண்டில் ஒன்று, பிரிண்டரின் நிறத்தை அளந்து எழுதி வைத்த ஐ.சி.சி. புரொஃபைல் கோப்பைப் போட்டும் மாற்றமில்லை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு நிறத்தை மட்டும் பார்த்துவிடுவோம்.

கேள்வி: எங்களிடம் இருப்பது எட்டு கலர் பெரிய பிளாட்டர். நிறம் மாறும்போதெல்லாம் புது புரொஃபைல் எடுத்துவிடுகிறோம். கொஞ்ச நாள் சரியாக இருக்கிறது, அப்புறம் கிரே எல்லாம் பச்சையடிக்க ஆரம்பிக்கிறது. புரொஃபைல் எடுக்கும் சாஃப்ட்வேரில் கோளாறா?

சாஃப்ட்வேர் பாவம், அதை விட்டுவிடுங்கள். கேலிபரேஷன் செய்ய வேண்டிய இடத்தில் நீங்கள் புரொஃபைல் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கேலிபரேஷன் என்பது மெஷினைப் பிடித்து ஒரு குறிப்பிட்ட நிலைக்குக் கொண்டுவருவது. புரொஃபைல் எடுப்பது அந்த நிலையில் மெஷின் எப்படி அடிக்கிறது என்று அளந்து எழுதி வைப்பது, அவ்வளவுதான். இந்த சி.எம்.ஒய்.கே. (சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு இங்க்) அளவு கொடுத்தால் இந்த லேப் நிறம் (எந்த மெஷினையும் சாராமல் நிறத்தை எண்ணால் சொல்லும் முறை) வரும் என்று ஒரு பட்டியல், இந்த லேப் நிறம் வேண்டுமென்றால் இந்த அளவு கொடு என்று திருப்பி ஒரு பட்டியல். இந்தக் கோப்பு எந்த சாஃப்ட்வேரிலும் ஒரே மாதிரி படிக்கப்பட வேண்டும் என்றுதான் 1993-இல் அடோபி, ஆப்பிள், கோடக், அக்ஃபா, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட சில நிறுவனங்கள் கூடி ஐ.சி.சி. அமைப்பை ஆரம்பித்தன. ஆனால் அந்தக் கோப்புக்கு உங்கள் மெஷின் இன்று காலை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது. எழுதி வைத்த நாளில் இருந்த மெஷினைத்தான் அதற்குத் தெரியும்.

பச்சை ஏறுகிறது என்றால் முதலில் மெஜந்தாவைச் சந்தேகப்படுங்கள். பச்சைக்கு எதிர்நிறம் மெஜந்தா, அது குறைந்தால் பச்சை தானாகத் தலைகாட்டும். எட்டு கலர் மெஷினில் பெரும்பாலும் லைட் மெஜந்தா தனியாக இருக்கும், வெளிர் நிறங்களிலும் நடுத்தர கிரேயிலும் பெரும்பாலான வேலை அதனுடையதுதான். அதில் கொஞ்சம் நாசில் (ஹெட்டில் இங்க் தெளிக்கும் நுண்துளை) அடைத்தாலும் சாலிட் கலரில் ஒன்றும் தெரியாது, முகத்தின் தோல் நிறத்திலும் கிரேயிலும் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் நாசில் செக், அதாவது எல்லா நாசிலும் வேலை செய்கிறதா என்று காட்டும் கோடுகளை, அடித்துப் பார்க்காமல் புது புரொஃபைல் எடுத்தால், அடைத்த நாசிலோடு இருக்கும் மெஷினுக்கு ஒரு புரொஃபைல் கிடைக்கும். மறுநாள் ஹெட் கிளீன் செய்ததும் அடைப்பு போய்விடும், அந்தப் புரொஃபைல் இப்போது எதிர்ப்பக்கம் இழுக்கும்.

ஆகவே நாசில் செக் முதலில். எல்லாக் கோடும் முழுதாக இருந்தும் நிறம் நகர்ந்திருந்தால், ரிப்பில் (கோப்பைப் பிரிண்டருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் சாஃப்ட்வேர்) ரீலீனியரைஸ், ரீகேலிபரேட் என்று ஏதாவது ஒரு பெயரில் ஒரு வசதி இருக்கும், அதை எடுங்கள். ஒவ்வொரு இங்க்கும் படிப்படியாக ஏறும் ஒரு சின்னப் பட்டையை அடித்து அளந்தால், முதல் நாள் சேமித்து வைத்த நிலைக்கே மெஷினை அது திருப்பிக் கொண்டுவரும். பழைய புரொஃபைல் அப்படியே மறுபடி பொருந்தும். இங்க் பிராண்ட் மாறியது, மீடியா (காகிதம், வினைல் போல அச்சடிக்கும் பொருள்) மாறியது, ஹெட் மாற்றினீர்கள், அல்லது ரீகேலிபரேட் செய்தும் பழைய நிலையைத் தொட முடியவில்லை என்றால் மட்டும் புதுப் புரொஃபைலுக்குப் போங்கள்.

கேள்வி: புது மீடியா வந்தால் எந்த வரிசையில் செய்ய வேண்டும்? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

நாசில் செக், ஹெட் அலைன்மென்ட், மீடியா ஃபீட், இந்த மூன்றும் முதலில். ஃபீட் தவறாக இருந்தால் பேண்டிங், அதாவது குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு, வரும், பேண்டிங் விழுந்த பேட்சை (அளப்பதற்காக அடிக்கும் நிறக் கட்டம்) எந்தக் கருவியால் அளந்தாலும் பிரயோஜனமில்லை. அடுத்து ஒவ்வொரு இங்க்குக்கும் தனித்தனி லிமிட், அப்புறம் லீனியரைசேஷன், அப்புறம் மொத்த இங்க் லிமிட், கடைசியாகத்தான் புரொஃபைல் எடுக்க அளக்கும் நிறக் கட்டங்கள் நிறைந்த சார்ட். சில ரிப்களில் மொத்த லிமிட்டுக்கு முன்னால் கிரே பேலன்ஸ் என்று ஒரு படி இருக்கும், இருந்தால் செய்துவிடுங்கள்.

இதில் பலர் அலட்சியமாகத் தாண்டிப் போவது தனி இங்க் லிமிட். அதனால் அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சியானை 5 சதவீதத்திலிருந்து 100 வரை படிப்படியாக அடித்து, நல்ல வெளிச்சத்தில் வரிசையாகப் பாருங்கள். 60, 70 வரை ஒவ்வொரு படியிலும் நிறம் கனத்துக்கொண்டே போகும். அதற்கு மேல் ஒரு இடத்தில் கனம் ஏறுவது நின்று, நிறமே ஊதாவை நோக்கிச் சாய ஆரம்பிக்கும். மெஜந்தா இதே மாதிரி சிவப்புப் பக்கம் சாயும். சாய ஆரம்பித்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வெட்டிவிட வேண்டும். அதற்கு மேல் ஊற்றும் இங்க் நிறமாக வராது, காயாமல் ஒட்டும், ஓரம் பரவும், செலவும் உங்களுடையது. மஞ்சளில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, அங்கே கருவி சொல்வதைக் கேளுங்கள். லேப் மதிப்புகளில் ஏ, பி இரண்டையும் வரைபடமாகக் காட்டும் ரிப் என்றால் வேலை இன்னும் எளிது. கோடு நேராகப் போய்க்கொண்டிருந்து ஒரு கொக்கி மாதிரி வளையும், அந்த வளைவுதான் எல்லை.

லீனியரைசேஷன் செய்வது, 50 சதவீதம் கேட்டால் பார்வைக்குப் பாதியாக வரும்படி ஒழுங்குபடுத்துவது. இங்க்ஜெட்டில் அதை விட்டுவிட்டால் 70 சதவீதத்துக்கு மேல் எல்லாம் ஒரே கட்டியாகப் போய்விடும், நிழல் பகுதியில் விவரம் எதுவும் இருக்காது.

மொத்த லிமிட் என்பது நான்கும் சேர்ந்து விழும்போது மீடியா தாங்கும் அளவு. நான்கும் முழுதாக விழுந்தால் 400. அதை எந்த மீடியாவும் தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடர்ந்த கலவைகளை அடித்து, விரல் படாமல் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். இங்க் குளம் கட்டுகிறதா, ஓரத்தில் ஒரு நிறம் இன்னொன்றில் கசிகிறதா, காய்ந்தபின் வெடிக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். மற்றவர் சொன்ன எண்ணை அப்படியே போடாதீர்கள், அவருடைய மீடியா வேறு, ஹீட்டர் சூடு வேறு.

கேள்வி: சார்ட் அடித்ததும் உடனே அளக்கலாமா?

யு.வி. பிரிண்டரில் விளக்கின் கீழேயே இங்க் உறைந்துவிடுகிறது, லேடெக்ஸ் மெஷினுக்குள்ளேயே காய்ந்து வருகிறது, இரண்டிலும் மீடியாவின் சூடு தணிந்ததும் அளந்துவிடலாம். சால்வென்ட், எக்கோ சால்வென்ட், நீர் கலந்த இங்க் என்றால் பொறுங்கள், ஒரு நாள் விட்டுவிடுவதுதான் நல்லது. சுருட்டி வைக்காதீர்கள், விரித்துப் போடுங்கள். அவசரமென்றால், அதே பேட்சை ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை அளந்து பாருங்கள், எண் நகர்ந்துகொண்டே இருந்தால் இன்னும் காயவில்லை.

கேள்வி: மீடியா தயாரிப்பாளர் தளத்திலேயே புரொஃபைல் இலவசமாகக் கிடைக்கிறதே, அதைப் போட்டால் போதாதா?

அது அவர்கள் மெஷினில், அவர்கள் இங்க்கில், அவர்கள் வைத்த லிமிட்டில் எடுத்தது. உங்கள் பிரிண்டர் அதே மாடல், இங்க் அசல், ரெசல்யூஷனும் பாஸ் எண்ணிக்கையும் (ஒரே இடத்தின் மேல் ஹெட் எத்தனை முறை ஓடுகிறது என்பது) அவர்கள் சொன்னபடியே என்றால் ஆரம்பிக்கப் போதும். போட்டோ பிரிண்டர்களில் பெரும்பாலும் திருப்தியாகவே வரும், ஏனென்றால் அந்த மெஷின்கள் ஒன்றுக்கொன்று அவ்வளவாக வேறுபடாது. பெரிய பிளாட்டரில் நான் நம்ப மாட்டேன். ஒரே வினைலில் 4 பாஸுக்கு ஒரு புரொஃபைல், 8 பாஸுக்கு ஒரு புரொஃபைல் என்று தனித்தனியாக வைத்திருப்பதுதான் முறை.

கேள்வி: போட்டோ பிரிண்டருக்குச் சொந்தமாகப் புரொஃபைல் எடுத்தேன். அதைப் போட்டால் படம் முன்பைவிட மோசமாக, சிவப்பேறி வருகிறது.

இரண்டு இடத்தில் நிற மாற்றம் நடக்கிறது என்று சந்தேகிக்கிறேன். ஃபோட்டோஷாப்பில் உங்கள் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், டிரைவரிலும் கலர் கரெக்ஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றை அணையுங்கள், நிறத்தை ஃபோட்டோஷாப் பார்த்துக்கொள்வதாக இருந்தால் டிரைவரில் கலர் கரெக்ஷன் வேண்டாம்.

அது சரியாக இருந்தால் தவறு சார்ட் அடித்த அன்றே நடந்திருக்கலாம். சார்ட் எந்த நிற மாற்றமும் இல்லாமல் அப்படியே காகிதத்தில் விழ வேண்டும். ஃபோட்டோஷாப்பில் முன்பு அதற்கென்றே ஒரு தேர்வு இருந்தது, சி.எஸ்.5 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு அடோபி கலர் பிரிண்டர் யுடிலிட்டி என்று ஒரு சின்ன புரோகிராம் கொடுத்தார்கள். புரொஃபைல் எடுக்கும் சாஃப்ட்வேரிலிருந்தே சார்ட்டை அடிக்க முடிந்தால் அதுவே பாதுகாப்பு. அப்புறம் ஒன்று, சார்ட் அடித்தபோது டிரைவரில் இருந்த மீடியா வகை, தரம் எல்லாவற்றையும் குறித்து வைத்து, படம் அடிக்கும்போதும் அதையே வையுங்கள். மீடியா வகை மாறினால் இங்க் அளவே மாறிவிடும்.

கேள்வி: கருப்பு வெள்ளைப் படம் கடைக்குள் சரியாக இருக்கிறது, வெளியே வெயிலில் பச்சையாகத் தெரிகிறதாம். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டார்.

இதை மெட்டாமெரிசம் என்பார்கள். சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து உண்டாக்கிய கிரே, ஒரு விளக்கின் கீழ் கிரேயாகத் தெரியும், விளக்கு மாறினால் ஏதாவது ஒரு பக்கம் சாயும். கருப்பு இங்க்கால் உண்டாக்கிய கிரே அந்த அளவுக்குச் சாயாது. புரொஃபைல் எடுக்கும்போது ஜி.சி.ஆர். என்று ஒரு தேர்வு வரும், அதைக் கூட்டினால் வண்ணக் கலவை குறைந்து கருப்பு அதிகம் வேலை செய்யும். இங்க்கும் மிச்சம். ரொம்பக் கூட்டினால் வெளிர் பகுதிகளில் கருப்புப் புள்ளி மணல் தூவினாற்போல் தெரியும், லைட் பிளாக் இருக்கும் மெஷினில் அந்தக் கவலை குறைவு.

இன்னொன்று, நீங்கள் பார்க்கும் விளக்கு எது? அச்சுப் பார்வைக்கு டி50 (பகல் வெளிச்சத்துக்கான ஒரு தர அளவு) வெளிச்சம் என்று ஐ.எஸ்.ஓ. 3664 சொல்கிறது, நுணுக்கமாக ஒப்பிட 2000 லக்ஸ், சாதாரணமாகப் பார்க்க 500 லக்ஸ். பிரிண்ட் கடைசியில் எங்கே தொங்கப்போகிறது என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே கேட்டு, அந்த வெளிச்சத்திலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அளக்கும் கருவியில் எம்0, எம்1, எம்2 என்று கேட்கிறது. எதை வைப்பது?

பளிச்சென்று நீலம் கலந்த வெள்ளையாக இருக்கும் காகிதங்களில் ஆப்டிகல் பிரைட்னர் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத யு.வி. ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பிவிடும் பொருள் அது. எம்0-வில் விளக்கு பழைய டங்ஸ்டன் வகை, யு.வி. எவ்வளவு என்று கறாராக இல்லை. எம்1 என்றால் டி50, யு.வி. அளவும் சேர்த்து. எம்2-வில் யு.வி.யை வெட்டிவிடுவார்கள். டி50 விளக்கில் பார்க்கப்போகும் பிரிண்ட் என்றால் எம்1. வெளிர் கிரே எல்லாம் லேசாக மஞ்சளடித்தால், காகிதத்தின் நீலத்தை நம்பி புரொஃபைல் மஞ்சளைச் சேர்க்கிறது என்று அர்த்தம், அப்போது எம்2-வில் அளந்து ஒரு புரொஃபைல் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆஃப்செட் அச்சுக்கான தர அளவுகளில் ஃபோக்ரா39 எம்0-வில் அளந்தது, ஃபோக்ரா51 எம்1-இல் அளந்தது, அதனால் இரண்டையும் ஒப்பிடும்போது எந்த முறையில் அளக்கிறோம் என்பதைக் கலந்துவிடாதீர்கள்.

கேள்வி: லோகோவின் ஆரஞ்சு எவ்வளவு முயன்றாலும் மங்கலாகத்தான் வருகிறது.

அந்த ஆரஞ்சு உங்கள் நான்கு இங்க்கின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. எந்தப் புரொஃபைலும் இல்லாத இங்க்கைக் கொண்டுவராது. ஆரஞ்சு இங்க் உள்ள மெஷினில் அடியுங்கள், இல்லையென்றால் கிடைக்கும் அதிகபட்ச ஆரஞ்சை ஒரு துண்டில் அடித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: டோனர் டிஜிட்டல் பிரஸ்ஸில் காலையில் அடித்ததும் மதியம் அடித்ததும் ஒன்றாக இல்லை.

இருக்காது. டோனர் மின்னேற்றத்தால் ஒட்டுவது, அறையின் ஈரப்பதமும் சூடும் மாறினால் ஒட்டும் அளவும் மாறும். இங்க்ஜெட்டைவிட இது அடிக்கடி நகரும் ஜாதி. மெஷின் சூடாகி, கொஞ்சம் தாள் ஓடிய பிறகு கேலிபரேட் செய்யுங்கள், ஆன் செய்ததும் வேண்டாம். ஷிஃப்டுக்கு ஒரு முறை, பெரிய ஜாப் தொடங்கும் முன் ஒரு முறை. காகிதக் கட்டைப் பிரித்து அப்படியே திறந்து போடுவதை நிறுத்தினாலே பாதி வித்தியாசம் குறையலாம்.

கேள்வி: டெல்டா ஈ எவ்வளவு இருந்தால் பரவாயில்லை?

டெல்டா ஈ என்பது இரண்டு நிறங்களுக்கு நடுவிலுள்ள வித்தியாசத்தைச் சொல்லும் எண். முதலில் எந்த ஃபார்முலா என்று பாருங்கள், 1976-இன் டெல்டா ஈ-யும் 2000-இன் டெல்டா ஈ-யும் ஒரே எண்ணைச் சொல்லாது, குறிப்பாக நல்ல கெட்டி நிறங்களில் பெரிய வித்தியாசம் வரும். அச்சடிக்கும் முன் ஒப்புதலுக்குக் காட்டும் புரூஃப் பிரிண்டுக்கான ஐ.எஸ்.ஓ. 12647-7 தரத்தில், 2000 ஃபார்முலாவில் கட்டுப்பாட்டுப் பட்டையின் சராசரி 2.5, அதிகபட்சம் 5. தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு அந்தக் கறார் வேண்டாம். சராசரியை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், நூறு பேட்ச் பிரமாதமாக இருந்து கிரே மட்டும் 4 தள்ளியிருந்தால் வாடிக்கையாளர் கண் நேராக அந்தக் கிரேயில்தான் போய் நிற்கும்.

கேள்வி: கருவி வாங்க வசதியில்லை. கண்ணால் பார்த்தே சரி செய்ய முடியாதா?

நாசில் செக், ஃபீட், இங்க் லிமிட் வரை கண்ணால் பெருமளவு செய்துவிடலாம். புரொஃபைல் கண்ணால் முடியாது, ஐ.டி.8.7/4 சார்ட்டில் மட்டும் 1617 பேட்ச் இருக்கிறது. சாஃப்ட்வேருக்குக் காசு வேண்டாம், ஆர்கில் சி.எம்.எஸ். இலவசம், கட்டளைகளைத் தட்டச்சு செய்து பழக வேண்டும், அவ்வளவுதான். கருவியை மட்டும் வாடகைக்கோ இரவலோ வாங்கி, மெஷினைச் சுத்தமாக்கி, மீடியாக்களையெல்லாம் முன்பே லீனியரைஸ் செய்து, சார்ட்டுகளை முந்தின நாளே அடித்துக் காயவைத்து, ஒரே உட்காரலில் அளந்துவிடுங்கள். லீனியரைஸ் செய்ய மட்டும் ரிப்புக்குக் கருவி வேண்டும், அதனால் இரவல் வாங்குவதென்றால் இரண்டு நாளுக்குக் கேளுங்கள்.