கேளுங்கள், சொல்கிறோம்: பூனை பார்த்த ஸ்டேஷன் மாஸ்டர் வேலை

சென்ற இதழில் ஜப்பான்காரர்களின் விசித்திர யோசனைகள் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தோம். அதற்குப் பாலக்காட்டு எல்லைப் பக்கமிருந்துதான் கேள்விகள் குவிந்தன. முடிந்தவற்றுக்குப் பதில் இதோ.

ஜப்பானில் ஒரு பூனையை ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கினார்களாமே, நிஜமா அண்ணா? எங்கள் ஸ்டேஷனிலும் ரெண்டு பூனை சும்மாதான் படுத்திருக்கின்றன. (ஒரு வாசகர், கொல்லங்கோடு)

நிஜம்தான். வாகாயாமா பக்கம் கிஷிகாவா என்று ஒரு சின்ன ரயில் பாதை. நஷ்டத்தில் ஓடி, மூடிவிடலாம் என்ற நிலைக்கு வந்து, 2006இல் ஒரு புதுக் கம்பெனி எடுத்து நடத்த ஆரம்பித்தது. செலவைக் குறைக்க ஸ்டேஷன்களில் ஆளே வைக்கவில்லை. கடைசி ஸ்டேஷனான கிஷியை ஒட்டி மளிகைக் கடை வைத்திருந்த அம்மா, 'என் பூனைகள் தங்கும் இடத்தை இடிக்கப் போகிறார்கள், அவை ஸ்டேஷனிலேயே இருக்கட்டுமே' என்று கம்பெனித் தலைவரிடம் கேட்டிருக்கிறார். மனுஷன் பூனையைப் பார்த்தார், பார்த்ததும் யோசனை வந்துவிட்டது. 2007 ஜனவரியில் டாமா என்ற அந்த மூவண்ணப் பூனைக்கு முறைப்படி நியமனம், அளவெடுத்துத் தைத்த தொப்பி, சம்பளமாகப் பூனைத் தீனி. அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் ரயிலேறி வந்தது. 2010இல் ஸ்டேஷனையே பூனை முகம் மாதிரி கூரை போட்டுக் கட்டினார்கள். 2015இல் டாமா இறந்தபோது ஷிண்டோ முறையில் இறுதிச் சடங்கு நடந்தது, பக்கத்திலேயே சின்னக் கோவிலும் வைத்துவிட்டார்கள், நிட்டாமா என்ற பூனை அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் ஆனது.

பூனைக்குத் தொப்பி போட்டுப் போட்டோ எடுக்க யாராலும் முடியும். இவர்கள் அதற்குப் பதவி உயர்வு கொடுத்து, கம்பெனியின் துணைத் தலைவர் வரைக்கும் கொண்டுபோனார்கள். விளையாட்டு என்று ஒன்றை ஆரம்பித்துவிட்டால் அதைத் தாலுகா ஆபீஸ் ஃபைல் மாதிரி ஒழுங்காக நடத்துகிறார்கள் பாருங்கள், அந்தக் குணம்தான் எனக்குப் பிடித்தது. உங்கள் ஊர்ப் பூனைகள் விஷயத்தில், முதலில் தொப்பியை அவை தலையில் விடுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கானமேளா ட்ரூப்பில் கீபோர்டு வாசிக்கிறவன். இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் கரோக்கே ட்ராக்கைப் போட்டுச் சொந்தக்காரர்களே பாடி முடித்துவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்? (ஒரு வாசகர், வேலந்தாவளம்)

கோபிக்காதீர்கள், உங்கள் ஜாதிதான். டைசுகே இனோவே, கோபே நகரத்து பார்களில் குடிக்க வருகிறவர்கள் பாடும்போது பின்னணி வாசித்துக்கொண்டிருந்தவர். சுருதியும் தாளமும் எங்கே போனாலும் பின்னாலேயே போய்ப் பிடிக்கிற அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கம்பெனி முதலாளி வெளியூர்ப் பயணத்துக்கு, கூடவே வந்து வாசி என்று கூப்பிட, இவரால் போக முடியாமல், அவருக்குத் தோதாக வாசித்து டேப்பில் பதிவு செய்து கொடுத்தனுப்பினார். அங்கே அது அமோகமாக எடுபட்டது. அப்புறம் கார் டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபையர், காசு போடுகிற பெட்டி எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து, 1971இல் 11 பெட்டிகள் செய்து பார்களுக்கு வாடகைக்கு விட்டார்.

காப்புரிமை மட்டும் வாங்கவில்லை. எல்லாம் ஏற்கெனவே இருந்த சாமான்கள்தானே, நான் சேர்த்து வைத்தேன், அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. பெரிய கம்பெனிகள் புகுந்து அள்ளிக்கொண்டு போயின. பிற்பாடு அவர் சம்பாதித்த வழிகளில் ஒன்று, கரோக்கே பெட்டிக்குள் புகுந்து ஒயரைக் கடிக்கும் கரப்பான்பூச்சியை விரட்டும் மருந்து! 2004இல் அமெரிக்காவில் இக் நோபல் என்ற கேலிப் பரிசில் சமாதானப் பிரிவை அவருக்குக் கொடுத்தார்கள். காரணம்: மனிதர்கள் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்ளப் புதிய வழி காட்டினாராம்.

ஒன்றை விட்டுவிடக் கூடாது. அவருக்கும் முன்னால் 1967இலேயே ஷிகேய்ச்சி நெகிஷி என்பவர் இதே மாதிரி ஒரு பெட்டி செய்து விற்றார், அவரும் காப்புரிமை வாங்கவில்லை. அதை வாங்கி வைத்தவர் பிலிப்பைன்ஸ்காரரான ராபர்ட்டோ டெல் ரொசாரியோ. ஜப்பானில் இரண்டு பேர் கையில் கிடைத்தும் நழுவவிட்டது இது.

கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கத்தில் ஹோட்டல் வைத்திருக்கிறேன். ஜப்பானில் கடை வாசலில் பிளாஸ்டிக் சாப்பாடு வைப்பார்களாமே, பொறோட்டாவுக்கு அது சரிப்படுமா? (ஒரு வாசகர்)

சரிப்படும், செலவைத்தான் யோசிக்க வேண்டும். அங்கே இது தனித் தொழில். டகிசோ இவாசாகி என்பவர் 1932இல் ஒசாகாவில் மெழுகில் ஆம்லெட் முதலான பண்டங்களைச் செய்து கடைகளுக்குக் கொடுக்கும் வியாபாரத்தைத் தொடங்கினார். அவருடைய சொந்த ஊரான குஜோ ஹாச்சிமான் இன்றும் அதற்குப் பேர் போனது, சுற்றுலாப் பயணிகளே உட்கார்ந்து மெழுகில் கீரைக்கட்டு செய்து பார்க்கலாம். மெழுகு வெயிலில் இளகுகிறது என்று பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். உங்கள் கடையின் அசல் பண்டத்தையே அனுப்பினால் அதிலிருந்து அச்சு எடுத்து, கையால் வண்ணம் தீட்டித் தருவார்கள். அதனால் ஒரு தட்டுப் பொம்மைச் சாப்பாடு நிஜச் சாப்பாட்டைவிடப் பல மடங்கு விலை. எல்லையில் மூன்று பாஷைக்காரரும் வந்து இறங்குகிற கடைக்கு விரலால் காட்டி ஆர்டர் சொல்ல வசதிதான். ஆனால் நம் பக்கம் பொறோட்டாவை வாசலில் அடித்து வீசுகிறார்களே, அந்தச் சத்தத்துக்கும் வாசனைக்கும் முன்னால் எந்தப் பொம்மை நிற்கும்?

தலையில் டாய்லெட் பேப்பர் சுருளைக் கட்டிக்கொண்டு ஒரு ஜப்பான்காரர் மூக்கைத் துடைக்கும் படம் பார்த்தேன். இதற்கெல்லாம் காப்புரிமை உண்டா? நாங்களும் காலேஜில் இப்படி ஏதாவது செய்து விற்கலாம் என்று இருக்கிறோம். (ஒரு மாணவர், சித்தூர்)

தம்பி, அந்த ஆட்டத்தில் விற்பதற்கே தடை. கென்ஜி கவகாமி என்பவர் ஆரம்பித்த இயக்கம் அது, பெயர் சிந்தோகு. தபால் வழி விற்பனைப் பத்திரிகை ஒன்றில் ஆசிரியராக இருந்தவர், விற்க முடியாத சாமான்களை வேடிக்கைக்காக அதில் போட ஆரம்பித்தார். பத்து விதிகள் வைத்திருக்கிறார்கள். பொருளை நிஜமாகவே செய்து காட்ட வேண்டும், ஆனால் அது அன்றாடப் புழக்கத்துக்கு உதவக் கூடாது, விற்கக் கூடாது, காப்புரிமை எடுக்கக் கூடாது. தவழும் குழந்தையின் சட்டையில் துடைப்பான் தைத்து வீட்டைத் துடைக்க வைப்பது, நூடுல்ஸை ஆற்ற உணவுக் குச்சியில் சின்ன விசிறி பொருத்துவது, ஷூ நனையாமலிருக்க அதன் நுனியில் குட்டிக் குடை, இப்படி.

வேடிக்கை என்னவென்றால், 1995இல் வந்த அவர்களுடைய புத்தகத்தில் உதவாத சாமான்களோடு சாமானாக செல்ஃபி ஸ்டிக்கும் இருக்கிறது. அதற்கும் முன்பே, 1980களில், மினோல்டா கம்பெனி எஞ்சினியர் ஒருவர் கேமராவை நுனியில் மாட்டும் நீட்டுக்குச்சிக்குக் காப்புரிமையே வாங்கியிருந்தார், அது 2003இல் காலாவதியாகிவிட்டது. போனில் முன்பக்க கேமரா வந்து, குச்சி உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்த காலத்தில் ஒரு காசு அவருக்கு இல்லை. விற்கத்தான் போகிறீர்கள் என்றால் சிந்தோகு என்று பேர் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

எங்கள் பஞ்சாயத்துக்கும் குமாமோன் கரடி மாதிரி ஒரு பொம்மை வைத்தால் ஊர் முன்னேறுமா? (ஒரு வாசகர், எருத்தேன்பதி)

ஜப்பானின் குமாமோட்டோ மாகாணம் வழியாகப் புல்லட் ரயில் 2011இல் முழுசாக ஓடப்போகிறது, ஜனங்கள் நம் ஊரில் இறங்காமல் நேராகப் போய்விடுவார்களோ என்ற பயத்தில், மாகாணத்தின் விளம்பரத்துக்காகப் பிறந்த கரடிப் பொம்மை அது. உள்ளூர்ப் பொருளை விளம்பரம் செய்கிறவர்கள் அனுமதி கேட்டால் போதும், கட்டணமில்லாமல் கரடி படத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று மாகாண அரசு விட்டது, அதனால் பிஸ்கட் டப்பா முதல் அரிசிப் பை வரை அதன் முகம் வந்துவிட்டது. 2013இல் கரடியின் சிவப்புக் கன்னங்கள் காணாமல் போய்விட்டன என்று கவர்னரே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அறிவித்தார். எல்லாம் உள்ளூர்த் தக்காளி, ஸ்ட்ராபெரி மாதிரி சிவப்புப் பண்டங்களுக்கான விளம்பரம்.

உங்களுக்குப் பனைமரத்தில் கை கால் வைத்தால் போதும். கையில் கள்ளுப்பானை கொடுக்கலாமா கூடாதா என்று முதல் கூட்டத்திலேயே சண்டை வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

வெளியூரில் படிக்கும் மகள் எதற்கெடுத்தாலும் எமோஜிதான் அனுப்புகிறாள். இதுவும் ஜப்பான்காரர் வேலைதானா? (ஒரு வாசகி, வண்ணாமடை)

அவர்கள் வேலைதான் அம்மா. 1997இல் ஒரு ஜப்பானியப் போனில் 90 படங்கள் வந்தன, மலக்குவியல் உட்பட. 1999இல் ஷிகெடாகா குரிடா 176 படங்கள் வரைந்தார், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றை 2016இல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. மகள் வெறும் கட்டைவிரலை மட்டும் அனுப்பினால் சாப்பிட்டாச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் போன் போட்டுவிடுங்கள்.