பிளாக்செயின் வந்த பிறகும் டேட்டாபேஸில் இத்தனை கன்சிஸ்டன்சி மாடல் எதற்கு?

"பிளாக்செயினில் எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான் தெரியும், அப்படியிருக்க, டேட்டாபேஸில் ஏன் இத்தனை வகை?" என்று கேட்கிறீர்கள். பிளாக்செயின் என்பது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்கேடு. கன்சிஸ்டன்சி மாடல் என்பது, ஒரே நேரத்தில் பலர் தொடும்போது யாருக்கு என்ன தெரியும் என்று டேட்டாபேஸ் தரும் உறுதி. உங்கள் கேள்வியின் முதல் பாதியே முழு உண்மை இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பாம்பனில் நண்டு எடுக்கும் வியாபாரி ஒருவருக்கு ஆப் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு இரண்டு வேன். விடிகாலையில் கரையில் ஒரு வேனாவது நிற்க வேண்டும் என்பது அவர் விதி. டிரைவர் 'கிளம்பு' பட்டனை அழுத்தினால், மற்ற வேன் நிற்கிறதா என்று ஆப் பார்க்கும், நின்றால் விட்டுவிடும். ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். இவருக்கு அவர் வேன் நிற்பதாகக் காட்டியது, அவருக்கு இவர் வேன். இரண்டும் மண்டபம் பக்கம் போய்விட்டன. கடைசி வள்ளத்து நண்டு வெயிலில் கிடந்தது. அண்ணாச்சி என்னைப் பேசியதை இங்கே எழுத முடியாது.

டேட்டாபேஸ் மேல் தப்பில்லை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ரிப்பீட்டபிள் ரீட் என்ற அமைப்பை வைத்திருந்தேன்; அங்கே அதற்கு அர்த்தம் ஸ்னாப்ஷாட் ஐசொலேஷன். ஒவ்வொரு பரிவர்த்தனையும் (பட்டனை ஒருமுறை அழுத்தினால் நடக்கும் மொத்த வேலை) தான் தொடங்கியபோது இருந்த நிலவரத்தைப் பார்த்தே முடிவெடுக்கும். இரண்டு பேர் அட்டவணையில் ஒரே வரியைத் திருத்தினால் ஒன்று தள்ளுபடி ஆகும். இங்கே ஆளுக்கொரு வரி, மோதலே இல்லை. இதன் பெயர் ரைட் ஸ்கியூ. 1995-லேயே ஒரு ஆய்வுக் கட்டுரையில் எழுதிவிட்டார்கள், நான்தான் படிக்கவில்லை.

சீரியலைசபிள் என்ற இன்னும் கறாரான அமைப்புக்கு மாற்றினேன். ஒன்றன்பின் ஒன்றாக நடந்திருந்தால் என்ன வருமோ அதுவே வரும். சும்மா வராது: சில சமயம் பிழை சொல்லித் திருப்பி அனுப்பும், நாம் மறுபடி முயல வேண்டும். டேட்டாபேஸ் பல ஊர்ச் சர்வர்களில் ஓடினால், அவை ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும் நேரமும் சேரும். நடுவில் இணைப்பு அறுந்தால் காத்திருப்பதா, பழைய விடையைத் தருவதா என்று ஒன்றைத்தான் எடுக்க முடியும். 2002-ல் கணினி ஆய்வாளர்கள் கில்பர்ட்டும் லிஞ்சும் நிரூபித்தது இதைத்தான். இந்த விலை ஆளுக்கு ஆள் வேறுபடுவதால்தான் இத்தனை வகை.

சரி, பிளாக்செயின். பிட்காயின் ஓடுவது அதில்தான். அங்கே சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பணப் பரிமாற்றங்களின் ஒரு தொகுப்பு, கணக்கில் சேரும். இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிளாக் கண்டுபிடித்தால், கொஞ்ச நேரம் பாதிப் பேருக்கு ஒரு கணக்கு, மீதிப் பேருக்கு வேறு கணக்கு. அடுத்த பிளாக் எந்தப் பக்கம் சேர்கிறதோ அது பெரும்பாலும் நிற்கும். மற்றதில் இருந்த பணப் பரிமாற்றம் மறுபடி வரிசைக்குப் போகும். பெரிய தொகைக்கு 6 பிளாக் வரை, சுமார் ஒரு மணி நேரம், பொறுக்கச் சொல்வது அதனால்தான்.

வேன் ஆப்பில் இப்போது 'கிளம்பு' பட்டன் மட்டும் சீரியலைசபிள். மாதக் கணக்குத் திரை பழைய ஸ்னாப்ஷாட்டிலேயே ஓடுகிறது. அண்ணாச்சி இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.