லாரி ஏர் டேங்கில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஏர் பிரேக் லாரியில், பிரேக்குக்கான காற்றைச் சேர்த்து வைக்கும் உருளைதான் ஏர் டேங்க். கம்ப்ரஸர் வெளிக்காற்றை இழுத்து அமுக்கும்போது அதிலுள்ள ஈரமும் கூடவே போகிறது. சூடான காற்று டேங்கில் ஆறியதும் அந்த ஈரம் தண்ணீராகிவிடும். இட்லிப் பானை மூடியின் உள்பக்கம் முத்து முத்தாய் நிற்கிறதே, அதே கதைதான்.

டேங்கில் சேர்ந்த இந்தத் தண்ணீரை வீட்டு வாசலிலேயே வடிக்கலாம். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள் (இதை மட்டும் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்). முகத்தை விலக்கிக்கொண்டு, டேங்கின் அடியிலுள்ள வால்வை மெல்லத் திறங்கள். புஸ்ஸென்று தண்ணீர் சீறும். வெறும் காற்று வந்ததும் மூடுங்கள். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, காற்று ஏறியதை மீட்டரில் பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். காபி நிறத்தில் எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

“வேலூர் வெயிலுக்கு டேங்கில் தண்ணீர் ஏது?” என்பார்கள். வெயில் காற்றிலும் ஈரம் உண்டு, கண்ணுக்குத்தான் தெரியாது.