ரோகு மீன் குஞ்சுகள் முதுகில் வெள்ளைத் திட்டோடு செத்து மிதக்கின்றன. எந்த ஆன்டிபயாட்டிக் போடலாம்?

மருந்துக் கடைக்குக் கிளம்பும் முன் ஒன்று சொல்லுங்கள்: கடைசியாக எப்போது வலை போட்டீர்கள்?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாங்கள் மீன்குஞ்சு வளர்த்து விற்கிறோம். ஒரு பங்குனியில், வாங்க வந்தவர் அவசரப்படுத்தினார் என்று உச்சி வெயிலில் வலை இழுத்து, குஞ்சுகளை ஒரே ஹாப்பாவில் (தண்ணீரில் கட்டும் வலைத் தொட்டி) நெருக்கி விட்டோம். மறுநாள் காலை எல்லாம் மேல்தண்ணீரில் மந்தமாக நின்றன. ஒன்றைக் கையில் எடுத்தேன். முதுகுத் துடுப்பைச் சுற்றிச் சேணம் கட்டியது போல சாம்பல் வெள்ளைத் திட்டு. செவுள் மூடியைத் தூக்கினால் ஓரமெல்லாம் மஞ்சள் பழுப்பாக அழுகல். பொழுது சாய்வதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது.

பூஞ்சை என்றுதான் நினைத்தேன். நுண்ணோக்கியில் பார்த்தபோது மெல்லிய நீளக் குச்சிகள் வைக்கோல் போர் மாதிரி குவிந்து நெளிந்தன. கொலம்னாரிஸ் நோய், ஃபிளாவோபாக்டீரியம் கொலம்னரே என்ற பாக்டீரியா. தண்ணீர் சூடாக ஆக இது வேகமெடுக்கும். வலையில் உரசி வழுவழுப்பு போன இடத்தில்தான் முதலில் ஒட்டும். உங்கள் குஞ்சுக்கு வயிறு உப்பிச் செதில் தூக்கி நின்றால் அது வேறு, பெரும்பாலும் ஏரோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியா.

சரி, ஆன்டிபயாட்டிக். தீனியில் கலந்துதான் கொடுப்பார்கள். தவிட்டையும் புண்ணாக்கையுமே தொடாத குஞ்சுக்குள் அது எப்படிப் போகும்? பரிசோதனை செய்யாமல் போடவே போடாதீர்கள். குளோராம்பெனிகாலும் நைட்ரோஃபியூரான் மருந்துகளும் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. யார் கொடுத்தாலும் வேண்டாம்.

இன்றைக்கே தீனியை நிறுத்துங்கள், நெருக்கத்தைக் குறையுங்கள், காற்று விடுங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் 1000 லிட்டருக்கு 2 கிராம், வாளியில் நன்றாகக் கரைத்து ஊற்றுங்கள். கண்ணளவில் வேண்டாம், எடை போட்டே எடுங்கள். கூடினால் செவுளைச் சுட்டுவிடும். ஊதா நிறம் கொஞ்ச நேரத்திலேயே பழுப்பானால் தொட்டியில் கழிவு அதிகம் என்று அர்த்தம். முதலில் அடிக்கசடை வெளியேற்றுங்கள்.

இப்போது விடியற்காலையில் மட்டும்தான் வலை போடுகிறோம். தொட்டிக்கு ஒரு கைவலை, வேலை முடிந்ததும் வெயிலில் காய வேண்டும். அப்புறம், செத்த குஞ்சுகளைச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். வாய்க்காலில் வீசிவிடாதீர்கள், கீழ்க்காட்டுக்காரர் குளத்துக்கும் அந்தத் தண்ணீர்தான் போகிறது.