பதக்கத்தின் விளிம்பில்

வணக்கம் ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். இதுவரை எழுதியதில்லை. இப்போது வீட்டில் ஒரு மனக்கஷ்டம், அதனால் எழுதுகிறேன்.

என் அப்பாவைப் பெற்ற தாத்தா இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்தவர். 1941இல் சேர்ந்து, பர்மா போய், 1946இல் ஊர் திரும்பினார். நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். எங்களுக்கு அவர் 'மிலிட்டரி தாத்தா', அவ்வளவுதான். காக்கி அரைக்கால் சட்டையும் பட்டி சுற்றிய காலுமாக அவர் நிற்கும் படம் ஒன்று கூடத்தில் மாட்டியிருந்தது. பக்கத்திலேயே என் பாட்டியின் தம்பி படமும் இருந்தது. அவர் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்து நேதாஜி படையில் சேர்ந்தவர். அவரை 'மலேயா தாத்தா' என்போம். அவருக்குத் தியாகி பென்ஷன் வந்தது, தாமிரப் பத்திரமும் கொடுத்தார்கள்.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டுப் படங்களைத் திரும்ப மாட்டும்போது, கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன், "வெள்ளைக்காரனுக்குச் சேவகம் பண்ணவர் படம் எதுக்கு அத்தை? மலேயா தாத்தா படம் மட்டும் போதும்" என்றான். அண்ணனும் வாயைத் திறக்கவில்லை. மிலிட்டரி தாத்தா இப்போது பரண்மேல் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறார். அவருடைய மூன்று பதக்கங்களும் அதே பெட்டியில்தான் இருக்கின்றன.

எனக்கு மனசு ஆறவில்லை. ஆனால் அவன் சொன்னது தப்பு என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. அவரை நாங்கள் எப்படி நினைத்துக்கொள்வது?

ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் படத்தைப் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். மாட்டுவது அப்புறம் இருக்கட்டும். பெட்டிக்குள் பூச்சி அரித்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடும்.

உங்கள் அண்ணன் மகன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டவன். என் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்தார். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில், இத்தாலிப் போர்முனையில். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் சாப்பர்ஸ் வேலை. போளூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அவரோடு வரப்பில் நடக்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அவர் எப்போதும் தரையைப் பார்த்துக்கொண்டேதான் நடப்பார். எதிரே வருபவர் கும்பிட்டால்கூட நின்ற பிறகுதான் தலையைத் தூக்குவார். எங்களைத் தனக்குப் பின்னால்தான் வரச்சொல்வார், அதுவும் தான் கால் வைத்த இடத்திலேயே.

ஒருநாள் ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லாமல், வேர்க்கடலைக் கொல்லையில் குந்தி உட்கார்ந்து, மடியிலிருந்த சூரிக்கத்தியை எடுத்து மண்ணில் சாய்வாகச் செருகிக் காட்டினார். ஒரு சாண் தள்ளி இன்னொரு குத்து. மறுபடி ஒரு சாண். "நேரா குத்தக் கூடாது. சாய்ச்சுக் குத்தணும். கத்தி எதுலயாவது இடிச்சா, மூச்ச நிறுத்திக்கணும்" என்றார். அவர் சொன்னது இவ்வளவுதான். ஜெர்மானியர் மரப்பெட்டியில் செய்த கண்ணிவெடிகளைப் புதைத்துவைத்தார்கள், அதில் இரும்பு மிகக் குறைவு என்பதால் கருவி காட்டிக்கொடுக்காது, கத்தியால்தான் தடவித் தேட வேண்டும் என்பதெல்லாம் பல வருஷம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது அவர் இல்லை.

அதே இத்தாலியில், மின்யானோ என்ற இடத்தில், 1944இல் அதே சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியம் ஒரு கண்ணிவெடிமேல் தன் உடம்பைப் போட்டுப் படுத்துக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். உயிர் போனது. வீரச்செயலுக்கான உயரிய பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸைக் கொடுத்தார்கள். இந்தப் பெயரை எங்கள் பள்ளிப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை. உங்கள் பிள்ளைகளும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் எந்தக் கொடிக்காக அதைச் செய்தார் என்று கேட்கலாம். அந்தக் கணத்தில் அவர் கண்ணில் பட்டது பக்கத்தில் நின்ற ஆட்கள்தான் என்று நான் நினைக்கிறேன். சாப்பர்ஸ் படை ஆட்களுக்கு இன்றும் 'தம்பி' என்றுதான் பெயர்.

சரி, உங்கள் மருமகனின் கேள்விக்கு வருகிறேன். சேவகம் செய்தாரா? செய்தார். அதை மறைக்க வேண்டாம். 1919இல் ஜாலியன்வாலாபாகில் டையர் உத்தரவு போட்டான், சுட்டவர்கள் அந்தப் பட்டாளத்துச் சிப்பாய்கள். 1942 ஆகஸ்ட் கிளர்ச்சியை அடக்கவும் அந்தப் பட்டாளத்தைத்தான் இறக்கினார்கள். அதில் உங்கள் தாத்தாவுக்குப் பங்கில்லாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் அவர் போட்டிருந்த காக்கி அதே காக்கிதான். அதனால் அவரை மறைமுக விடுதலை வீரர் என்று பூசி மெழுக முயலாதீர்கள். சில வீடுகளில் அப்படிச் செய்கிறார்கள். அது அவருக்கு இல்லாத ஒன்றைக் கொடுத்து, அவரிடம் இருந்ததைப் பறிப்பது.

அவர் ஏன் போனார் என்பதைத் தேடிப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் 'போர்க்குலம்' என்று ஒரு கதை கட்டினார்கள். பஞ்சாபியும் கூர்க்காவும் பட்டாணியும் வீரர்கள், மதராசி லாயக்கில்லாதவன் என்று. மெட்ராஸ் காலாட்படையைக் குறைத்துக்கொண்டே வந்து 1928இல் மெட்ராஸ் ரெஜிமெண்டையே கலைத்தார்கள். போர் கழுத்தைப் பிடித்ததும் மறுபடி எழுப்பினார்கள். திடீரென்று நம் ஆட்கள் வீரர்கள் ஆகிவிட்டார்கள்! உங்கள் தாத்தா சேர்ந்தது அந்த நேரத்தில்தான். வட ஆற்காட்டில் மழை பொய்த்தால் கேழ்வரகுக் களிக்கே வழியில்லை. பட்டாளத்தில் வேளைக்குச் சோறு, காலுக்கு பூட்ஸ், மாதம் பிறந்தால் வீட்டுக்கு மணியார்டர்.

இன்னொன்றும் உண்டு. சாப்பர்ஸ் படையில் தலைமுறை தலைமுறையாகப் பறையர் சமூகத்து ஆட்கள் பெருமளவில் சேர்ந்திருக்கிறார்கள். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க விடாத காலத்தில் பூட்ஸ் போட்டுக்கொண்டு ரயிலிலிருந்து இறங்கியவனுக்கு அந்தச் சீருடை என்னவாக இருந்திருக்கும்! உங்கள் தாத்தா எந்தச் சமூகம் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஆனால் வெள்ளைக்காரனிடம் கைகட்டி நின்றதை மட்டும் பார்த்துவிட்டு, அதற்கு முன்னால் யார் யாரிடமெல்லாம் கைகட்டி நிற்கவேண்டி இருந்தது என்று பார்க்காமல் விட்டால் கணக்கு தப்பாகப் போகும். 25 லட்சம் பேர் அந்தப் போரில் இந்தியப் படையில் இருந்தார்கள். ஒருவரைக்கூடச் சட்டம் போட்டுக் கட்டாயமாகச் சேர்க்கவில்லை என்று பெருமையாக எழுதுவார்கள். பசியோடு இருப்பவன் தானாக முன்வந்தான் என்பதை எவ்வளவு தூரம் நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலேயா தாத்தாவை நான் குறைத்துப் பேசமாட்டேன். தோட்டத்தில் கங்காணிக்கு முன் தலை குனிந்தே பழகிய தமிழர்களை நேதாஜி நிமிர்ந்து நடக்க வைத்தார். பால்வெட்டும் கத்தியைப் போட்டுவிட்டுத் துப்பாக்கி எடுத்த ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் அதே ஆண்டுகளில், அந்தப் படைக்குத் துணை நின்ற ஜப்பான்காரன் மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் ரயில் பாதை போட ஓட்டிக்கொண்டு போனான். பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் அங்கேயே மாண்டார்கள். மலேயா தாத்தாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் போனார், விடுதலை வேண்டும் என்று. அவர் மனசுக்குள் என்ன ஓடியது என்பதை இன்று கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. மிலிட்டரி தாத்தாவுக்கும் அதே நியாயம்தான்.

1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ் இந்தியப் படை பர்மாவின் ஐராவதி ஆற்றைக் கடந்தபோது, எதிர்க்கரையைக் காத்தவர்களில் நேதாஜியின் ஐ.என்.ஏ. படை ஆட்களும் இருந்தார்கள். உங்கள் இரண்டு தாத்தாக்களும் அங்கே இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மாமனும் மச்சானும் ஒரே ஆற்றின் இரண்டு கரைகளில் நிற்க வாய்ப்பிருந்த போர் அது. திரும்பி வந்த பிறகு இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள், இல்லையா? உங்கள் பாட்டி இருவருக்கும் பரிமாறியிருப்பார். இதைப் பற்றி வீட்டில் யாராவது ஏதாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள். எனக்கு இதைத் தெரிந்துகொள்ள மிகவும் ஆசை.

என் மனசை உறுத்தும் விஷயம் வேறு. பெயர்.

இங்கிலாந்தில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் பெரும்பாலும் சர்ச் வாசலில் முதல் உலகப் போரில் இறந்தவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கும். ஆண்டுதோறும் நவம்பரில் அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படிப்பார்கள். 1940இல் லண்டனில் குண்டு விழுந்து அந்தப் போரின் சிப்பாய் ஆவணங்களில் பெரும்பகுதி எரிந்துபோனது. கருகிப் பிழைத்த தாள்களைக்கூட எடுத்துப் பாதுகாத்துவைத்து, பேரப்பிள்ளைகள் அதில் தாத்தா பெயரைத் தேடுகிறார்கள்.

நம் பக்கம் வாருங்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும் போருக்குப் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. ஒரு பெயர்கூட இல்லை. ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் உண்டு, இந்திய அதிகாரிகளுக்கும் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கை மட்டும்தான். இந்த நினைவுச் சின்னங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் அறிக்கை விட்டு இதற்காக மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் பொறிக்கப்படவில்லை, அல்லது எந்த நினைவுச் சின்னமுமே இல்லை என்று அந்த அறிக்கை சொல்கிறது. பஞ்சாபுக்காவது லாகூர் அருங்காட்சியகத்தில் 3,20,000 வீரர்களின் பதிவேடு கிடந்து, 2021இல் வெளியே வந்தது. வட ஆற்காட்டுக்கு அப்படி ஒன்று கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

அரசாங்கம் எண்ணை வைத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்டது. வீட்டில் நாம் பெயரையும் வைத்துக்கொள்ளவில்லை. உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். 'மிலிட்டரி தாத்தா' என்று இருக்கிறது. எந்தப் படைப்பிரிவு, என்ன வேலை, சிப்பாயா நாயக்கா ஹவில்தாரா, பர்மாவில் எங்கே இருந்தார் என்ற எதுவும் அதில் இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் என் தாத்தாவிடம் கேட்காமல் விட்டவன்தான், அந்த வருத்தம் இன்றும் போகவில்லை. அவர் லாரி ஓட்டினாரா, ஸ்ட்ரெச்சர் தூக்கினாரா, கலேவாவில் சிந்த்வின் ஆற்றின்மேல் 1,150 அடிக்குப் பாலம் போட்டார்களே, அந்த மாதிரி இடத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றாரா என்று தெரிந்த பிறகு உங்கள் மருமகன் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அப்போது அது ஒரு மனிதரைப் பற்றிய பேச்சாக இருக்கும்.

அதற்கு வழி உங்கள் டிரங்குப் பெட்டியிலேயே இருக்கிறது. மூன்று பதக்கங்களில் நட்சத்திர வடிவில் செம்பு நிறத்தில் இருப்பவற்றை விடுங்கள். வட்டமாக வெள்ளி நிறத்தில் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராஜா தலை, மறுபக்கம் இரட்டைத் தலை டிராகனைச் சிங்கம் மிதித்து நிற்கும். பிரிட்டனில் தங்கள் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்துவிட்டார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்ததில் பெரும்பாலும் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். எழுத்து சரியாகத் தெரியாவிட்டால் மெல்லிய தாளை விளிம்பின்மேல் வைத்து, தாளின்மேல் பென்சிலை மெதுவாகத் தேய்த்து அச்சு எடுக்கலாம்.

எண்ணும் படைப்பிரிவும் கிடைத்துவிட்டால் எழுதிக் கேட்க இடம் உண்டு. சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் மெட்ராஸ் என்ஜினியர் குரூப், மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். பாட்டிக்குப் பென்ஷனோ உதவித்தொகையோ வந்திருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் தாள் இருக்கக்கூடும். போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இறந்தவர்கள் மட்டும்தான், உயிரோடு திரும்பிய தாத்தா அதில் இருக்கமாட்டார். ஆனால் அவரோடு ஊரிலிருந்து போய்த் திரும்பாதவர்கள் இருந்தால் அங்கே தேடலாம். பெயருக்குக் கீழே பல இடங்களில் இன்னார் மகன், இன்னார் கணவர், இந்த ஊர், வட ஆற்காடு என்றுகூடப் போட்டிருக்கும். ரங்கூனுக்குப் பக்கத்தில் தவுக்யான் கல்லறைத் தோட்டத்தில் உடல் கிடைக்காத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் தூண்களில் இருக்கின்றன. பர்மாப் போரில் போனவர்களை அங்கிருந்து தொடங்கிப் பாருங்கள்.

இந்த வேலையை நீங்கள் தனியாகச் செய்யாதீர்கள். உங்கள் அண்ணன் மகனைக் கூப்பிடுங்கள். இளைஞன், கண் நன்றாகத் தெரியும். பதக்கத்தை ஜன்னல் ஓரம் வெளிச்சத்தில் வைத்து மெல்லத் திருப்பிக்கொண்டே வரச்சொல்லி, அந்த விளிம்பில் உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக அவனையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்